மேனாம்பேட்டிலிருந்து டெமராராவுக்கு

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கடல் கடந்து போய் வருவது இப்போது அதிசயமாக இல்லை. 2022-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் தமிழ்நாட்டு அரசாங்கப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் சிலர், சர்க்கார் செலவிலேயே ஆகாய விமானம் ஏறிச் சார்ஜாவுக்குப் போய் வந்தார்கள். பின்னர் கீழ்த்திசை நாடுகள் சிலவற்றுக்கும் இவ்விதமே பிள்ளைகள் அழைத்துச் செல்லப்பட்டார்கள். தாங்கள் விமானத்தின் வயிற்றை மட்டுமே அண்ணாந்து பார்த்திருந்த தாய் தகப்பன்மார், மீனம்பாக்கத்தில் நின்று பிள்ளைகளை வழியனுப்பும் காலம் வந்திருக்கிறது. நல்ல காலந்தான்.

ஆனால், போய் வருவது வேறு, பரிவர்த்தனை வேறு. போய் வருகிறவன் ஹோட்டலில் தங்குகிறான், உயரமான கட்டிடங்களின் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்கிறான், திரும்பி வருகிறான். பரிவர்த்தனை என்றால், நம் வீட்டுப் பிள்ளை அங்கே ஒரு குடும்பத்தில் பிள்ளையாக இருந்து, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து பெஞ்சியில் உட்கார்ந்து, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட வேண்டும். பிறகு அந்த வீட்டுப் பிள்ளை நம் வீட்டுக்கு வந்து அவ்வாறே செய்ய வேண்டும். இந்த இரண்டாவது பாதிதான் விஷயத்தின் உயிர்நிலை. நம்மவர்கள் சுலபமாக மறந்துவிடுவதும் இதைத்தான்.

இந்த ஏற்பாடு உலகத்தில் பிறந்த விதமே சுவையானது. 1915-ஆம் வருஷத்தில், முதல் உலக யுத்தத்தின்போது, பிரான்ஸ் தேசத்துப் போர்க்களங்களில் காயம்பட்டவர்களை வண்டியில் ஏற்றிச் சென்று காப்பாற்றிய அமெரிக்கத் தொண்டர் கூட்டம் ஒன்று இருந்தது. இரண்டாம் யுத்தத்திலும் அந்தத் தொண்டு நடந்தது. குற்றுயிராய்க் கிடந்தவர்களைத் தூக்கிச் சுமந்த அவர்களுக்கு ஒரு யோசனை உதயமாயிற்று. யுத்தம் மூண்ட பிறகு வண்டி ஓட்டுவதைவிட, யுத்தம் மூளாதபடி வெவ்வேறு தேசத்துப் பிள்ளைகளை ஒருவர் வீட்டில் ஒருவர் வளரும்படி செய்தால் என்ன என்பதுதான் அது. 1947-ஆம் வருஷத்திலிருந்து ஏ.எப்.எஸ். என்ற பெயருடன் அந்தச் சங்கம் பள்ளி மாணவர்களின் பரிவர்த்தனையை நடத்தி வருகிறது. ரோட்டரி சங்கத்தாரும் இதே காரியத்தைச் செய்கிறார்கள். அவர்களுடைய திட்டத்தில் விமானக் கட்டணம், இன்ஷ்யூரன்ஸ், விஸா முதலிய செலவுகள் பெற்றோரைச் சேர்ந்தவை. போகிற ஊரில் சாப்பாடும் படுக்கையும் அந்த ஊர்க் குடும்பங்கள் அளிப்பவை. விருந்தாளியிடம் காசு வாங்குவதில்லை என்பது அங்கே விதி. நமக்கோ இது விதியாக எழுதப்பட வேண்டிய அவசியமே இல்லாத பழக்கம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

சொல்லிக்கொள்கிறோமே தவிர, செய்கிறோமா? மேனாம்பேட்டில் இவ்விஷயமாகப் பெற்றோர் சிலரிடம் நாம் பேசிப் பார்த்தோம். தென் அமெரிக்காவுக்குப் பிள்ளையை அனுப்பச் சம்மதமா என்று கேட்டதும் பல முகங்கள் மலர்ந்தன. "அங்கிருந்து வரும் பிள்ளையை ஒரு மாதம் வைத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டதும் மலர்ந்த முகங்களில் பாதி கூம்பின.

"போறது சரிங்க ஸார். வர்ற பிள்ளைய எங்கே படுக்க வைக்கிறது? ரெண்டு ரூம்புலே நாங்க அஞ்சு பேரு" என்றார் எஸ்டேட்டில் லேத் வேலை பார்க்கும் ஒரு தகப்பனார்.

"நம்ம சாப்பாடு அதுக்கு ஒத்துக்குமா ஸார்? காரம் தின்னுமா?" என்று கவலைப்பட்டார் அவருடைய மனைவியார்.

கூடம் பெரிதாக உள்ள வீட்டுக்காரர் ஒருவர் மாத்திரம், "யார், என்ன ஜாதி ஜனமோ தெரியாமல் எப்படி ஸார்?" என்று இழுத்தார். இரண்டு அறைக்காரருக்கு இடந்தான் குறை. மனம் விசாலமாகத்தான் இருந்தது. இவரிடம் இடம் தாராளமாக இருந்தது. இதற்கு மேல் நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை.

காரம் தின்னுமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிடலாம். மிளகாயே தென் அமெரிக்காவின் பக்கத்திலிருந்து வந்ததுதான். போர்ச்சுகீசியர் கப்பலில் வந்து சேருமுன் நம் முன்னோர்கள் மிளகைக்கொண்டே காரம் கண்டார்கள். அம்பத்தூர் மார்க்கெட்டுக்கு ஒரு நடை போய் வந்தால் அந்தக் கண்டத்தைப் பாதி சுற்றிய மாதிரிதான். உருளைக்கிழங்கும் தக்காளியும் ஆண்டிஸ் மலைச்சாரலில் பிறந்தவை. நிலக்கடலை, முந்திரி, மரவள்ளிக் கிழங்கு, அன்னாசி எல்லாம் அங்கிருந்து வந்து குடியேறியவை. ஒரு காலத்தில் அம்பத்தூரில் டன்லப் கம்பெனியின் டயர் தொழிற்சாலை புகைந்துகொண்டிருந்ததே, அதற்கு மூலமான ரப்பர் மரமும் பிரேஸில் காட்டு மரந்தான். 1876-ஆம் வருஷத்தில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை அமேஸான் பிரதேசத்திலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்தன; பிறகு மலேயா பூமியையும் நிரப்பின. அந்த மரங்களின் கீழ் பால் வடித்துத் தேய்ந்த கைகள் தமிழர்களின் கைகள். ஆகவே, தென் அமெரிக்காவுக்கும் நமக்கும் பழக்கமில்லை என்று சொல்வது பொருந்தாது. பண்டங்கள் பரிமாறிக்கொண்டன. மனிதர்கள்தாம் இன்னும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

மனிதர்களும் பார்த்துக்கொண்ட சந்தர்ப்பங்கள் உண்டு. அவற்றில் ஒன்று ஒரு பள்ளிக்கூடத்தைச் சேர்ந்தது. ரவீந்திரநாத் தாகூரை உலகம் மகாகவி என்று கொண்டாடுகிறது. நாமோ அவரை நம் தொழிலைச் சேர்ந்தவர் என்று கொஞ்சம் சொந்தம் பாராட்டிக்கொள்கிறோம். 1901-ஆம் வருஷத்தில் மரத்தடியில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சாந்திநிகேதனப் பள்ளியைத் தொடங்கியவர் அல்லவா? பெரு தேசத்துச் சுதந்திரப் போரின் நூற்றாண்டு விழாவுக்கு அழைப்பு வந்து, 1924-ஆம் வருஷத்தில் அவர் கப்பலேறினார். வழியில் ஜுரம் கண்டு, அர்ஜென்டீனாவின் தலைநகரமான போனஸ் அயர்ஸில் இறங்கும்படி ஆயிற்று. பெரு தேசத்தை அவர் பார்க்கவே இல்லை. விக்டோரியா ஒகாம்போ என்ற சீமாட்டி, நகரத்துக்கு வெளியே ஸான் இஸிட்ரோ என்ற இடத்தில், நதியைப் பார்த்தாற்போல் இருந்த ஒரு மாளிகையில் அவரைத் தங்க வைத்து உபசரித்தார். அவருடைய பாஷை இவருக்குத் தெரியாது. இவருடைய வங்காளி அவருக்குத் தெரியாது. கீதாஞ்சலியை அந்த அம்மையார் படித்திருந்தது பிரெஞ்சு மொழிபெயர்ப்பில். இருந்தும், 1925 ஜனவரியில் கவி புறப்பட்டபோது, அவர் விரும்பி உட்கார்ந்த சாய்வு நாற்காலியையும் கூடவே அனுப்பினார். கப்பல் அறையின் வாசலுக்குள் நாற்காலி நுழையவில்லை என்று கதவையே கழற்றச் செய்தாராம். அந்த நாற்காலி சாந்திநிகேதனம் வந்து சேர்ந்தது. 'பூரவி' என்ற கவிதைத் தொகுதியைக் கவி அந்த அம்மையாருக்கு, விஜயா என்ற பெயரிட்டு, சமர்ப்பணம் செய்தார். இரண்டு மாதம் ஒரு வீட்டில் விருந்தாளியாக இருந்ததன் பலன் இது.

அதே பள்ளிக்கூடத்தின் மற்றோர் உபாத்தியாயர், ஐந்து வருஷம் கழித்து, 1929-ல் தென் அமெரிக்காவின் வேறொரு மூலைக்குப் போனார். அவர் தீனபந்து ஆண்ட்ரூஸ். அவர் மாளிகையில் தங்கப் போகவில்லை. கரும்புத் தோட்டத்து லயன்களைப் பார்க்கப் போனார். அவர் போன இடம் அந்நாளில் பிரிட்டிஷ் கயானா என்ற பெயர் கொண்டது. நம் பெரியவர்கள் டெமராரா என்று குறிப்பிட்டது. இந்தக் கட்டுரையின் விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறோம். தென் அமெரிக்காவுக்கு நம் பிள்ளைகளை அனுப்புவதானால், முதலில் அனுப்ப வேண்டிய தேசம் கயானாதான் என்பது நம் அபிப்பிராயம்.

தென் அமெரிக்காவின் வடகரையில், எஸ்ஸெக்கிபோ, டெமராரா, பெர்பீஸ் என்ற பெரிய நதிகள் கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது அந்த நாடு. பரப்பில் தமிழ்நாட்டைவிடப் பெரியது. ஜனத்தொகையோ சுமார் 8 லட்சந்தான். அந்தக் கண்டத்திலேயே இங்கிலீஷை அரசாங்க பாஷையாக உடைய நாடு அது ஒன்றே. ஆகையால் நம் பிள்ளைகள் ஸ்பானிஷ் படிக்க வேண்டியதில்லை. தாங்கள் படித்த இங்கிலீஷை மறந்தால் போதும். ஏனென்றால் அங்கே வீதியில் வழங்கும் இங்கிலீஷ் நம் பாடப் புஸ்தகத்து இங்கிலீஷ் அல்ல. கொழும்பு நகரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில் இருக்கிறது தலைநகரமான ஜார்ஜ்டவுன். வெயிலும் மழையும் புழுக்கமும் நம் பிள்ளைகளுக்குப் புதிதாயிரா.

அங்கே நம்மவர்கள் எப்படிப் போனார்கள்? பிரிட்டிஷ் ராஜ்யத்தில் அடிமைத்தனம் 1834-ல் சட்டப்படி ஒழிந்தது. 1838-ல் ஆப்பிரிக்க அடிமைகள் முற்றிலும் விடுதலை அடைந்தார்கள். அந்த வருஷமே, மே மாதம் 5-ந் தேதி, 'விட்பி', 'ஹெஸ்பரஸ்' என்ற இரண்டு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து இந்தியக் கூலிகளைக் கொண்டுவந்து டெமராராவில் இறக்கின. ஐந்து வருஷ ஒப்பந்தம். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் ரேகை. அடிமைகள் இருந்து காலி செய்த அதே கொட்டடிகளில் வாசம். 1917-ஆம் வருஷம் வரையில் ஏறக்குறைய 2,39,000 இந்தியர்கள் இவ்வாறு அந்த ஒரு நாட்டுக்கு மட்டும் கொண்டுபோகப்பட்டார்கள். இவர்களில் பெரும்பாலோர் வடதேசத்தவர். ஆனால் 1845-ஆம் வருஷத்திலிருந்து சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள் சுமார் 15,000 பேர் உண்டு. பாய்மரக் கப்பலில், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, மூன்று மாதப் பிரயாணம். 'கூலி' என்பது தமிழில் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். அங்கே அது மனிதனுடைய பெயராகவும், பின்பு வசைச் சொல்லாகவும் ஆயிற்று.

பாரதியார் 'பிஜித் தீவிலே ஹிந்து ஸ்திரீகள்' என்ற பாட்டைப் பாடியிருக்கிறார். பள்ளிக்கூடத்து ஆண்டு விழாக்களில் அதைக் கேட்டுக் கண் கலங்காதவர்கள் இல்லை. பிஜிக் கரும்பும் டெமராராக் கரும்பும் ஒரே கரும்புதான். ஆனால் அந்தக் கரும்புத் தோட்டங்களில் மிஞ்சியவர்களின் பேரன் பேத்திகள் இன்று எப்படி இருக்கிறார்கள், என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

விசாரித்தவர்கள் அந்த நாளில் இருந்தார்கள். 1922-ஆம் வருஷத்தில், மறுபடியும் இந்தியர்களைக் கயானாவுக்கு அனுப்பலாமா என்ற கேள்வி எழுந்தபோது, நேரில் போய்ப் பார்த்து வரச் சென்ற தூதுக் குழுவில் நம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த திவான் பகதூர் பி. கேசவப் பிள்ளை இருந்தார். அவரும் திவாரி என்பவரும் சேர்ந்து எழுதிய அறிக்கையில் தோட்டத்து வாழ்வின் குறைகள் மூடி மறைக்கப்படவில்லை. உபாத்தியாயர்களாகிய நமக்கு அந்தச் சரித்திரத்தில் அதிகமாக உறுத்துவது ஒன்றுண்டு. 1904-ஆம் வருஷத்தில் கவர்னர் ஸ்வெட்டன்ஹாம் ஒரு சுற்றறிக்கை விட்டார். இந்தியப் பெற்றோர்கள் தங்கள் குழந்தைகளை, முக்கியமாகப் பெண் குழந்தைகளை, பள்ளிக்கு அனுப்ப மறுத்தால் அவர்கள்மீது வழக்குத் தொடர வேண்டாம் என்பது அதன் சாரம். மேலுக்குப் பார்த்தால் நம் வழக்கங்களுக்குக் காட்டிய மரியாதை. உள்ளே பார்த்தால், தோட்டத்தில் களை பிடுங்கச் சிறு கைகள் குறையாமல் பார்த்துக்கொண்ட சாமர்த்தியம். அந்தச் சுற்றறிக்கை 1933-ஆம் வருஷம் வரையில் அமுலில் இருந்தது. ஒரு தலைமுறைப் பெண்களின் எழுத்தறிவு அதில் போயிற்று.

அப்படிப்பட்ட ஜனங்கள் எப்படித் தலையெடுத்தார்கள் என்பதைப் பார்த்து வரத்தான் நம் பிள்ளைகள் போக வேண்டும் என்கிறோம். கயானா 1966-ஆம் வருஷம் மே மாதம் 26-ந் தேதி சுதந்திரம் அடைந்தது. 2012-ஆம் வருஷத்து ஜனக் கணக்குப்படி அங்கே நூற்றுக்கு 40 பேர் இந்திய வம்சத்தவர். போர்ட் மொரான்ட் என்ற கரும்புத் தோட்டத்தில் பிறந்த சேடி ஜகன் 1992-ல் நாட்டின் ஜனாதிபதியானார். மோசஸ் வீராசாமி நாகமுத்து என்ற தமிழ் வம்சத்தவர் 2015 முதல் 2020 வரையில் பிரதம மந்திரியாக இருந்தார். வீராசாமி, நாகமுத்து, பெருமாள் என்ற பெயர்களை இங்கிலீஷ் எழுத்துக்கூட்டில் எழுதி, இங்கிலீஷ்காரரைப் போலவே உச்சரிக்கிறார்கள். ஜார்ஜ்டவுன் தோட்டம் ஒன்றில் மகாத்மாவின் சிலை இருக்கிறது. 2024 நவம்பரில் பிரதமர் மோடி அங்கே போனார். 1968-ல் இந்திரா காந்தி போன பிறகு இந்தியப் பிரதமர் ஒருவர் போனது அப்போதுதான்.

கிரிக்கெட் பைத்தியம் பிடித்த நம் மாணவர்களுக்கு இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. அதே போர்ட் மொரான்டில் பிறந்தவர்கள்தாம் ரோஹன் கன்ஹாயும் ஆல்வின் காளிச்சரணும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். 1958-ல் கல்கத்தாவில் 256 ஓட்டங்கள் அடித்தவர் முன்னவர். பின்னவர் மேற்கு இந்தியக் கோஷ்டியின் தலைவராக 1979 ஜனவரியில் நம் சேப்பாக்கத்திலேயே ஆடினார். ஒரே தோட்டத்துக் கிராமத்திலிருந்து எப்படி இத்தனை ஆட்டக்காரர்கள் கிளம்பினார்கள் என்பது கிரிக்கெட் சாஸ்திரிகள் ஆராய வேண்டிய விஷயம்.

இனி, நம் வாசகர்களில் சிலருக்குக் கொஞ்சம் கசக்கக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டும். கயானாவில் 'மதராஸி' என்று அழைக்கப்படும் நம்மவர் சந்ததியார் தமிழ் பேச்சை ஏறக்குறைய முழுதும் இழந்துவிட்டார்கள். ஆனால் மாரியம்மனை இழக்கவில்லை. ஆல்பியன் முதலிய ஊர்களில் அவர்களுடைய கோயில்கள் இருக்கின்றன. வேப்பிலை உண்டு, கரகம் உண்டு, மதுரை வீரன், முனீசுவரன், சங்கிலிக் கருப்பனைப் போன்ற காவல் தெய்வங்கள் உண்டு, நாகூர் ஆண்டவருக்கும் அந்தச் சந்நிதியில் இடம் உண்டு. பூஜையில் முழங்கும் வாத்தியத்தை அவர்கள் 'தப்பு' என்றே சொல்லுகிறார்கள். பாடுகிற பாட்டில் தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன. பொருள் முழுதும் தெரியாமல், பாட்டனார் பாடியபடி பாடுகிறார்கள். வடதேசத்து வழியில் வந்த வேறு ஹிந்துக்கள் இதை மூட வழிபாடு என்று ஏளனம் செய்ததுண்டு. அதையும் சகித்துக்கொண்டு விடாமல் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

நாமோ கடல் கடந்த தமிழ்ப் பெருமை என்றால் சோழர் கப்பற்படையோடு நிறுத்திக்கொள்கிறோம். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய அந்தப் பதினையாயிரம் பேர் சோழர் படைத் தலைவர்கள் அல்லர். பஞ்சத்துக்கும் கடனுக்கும் ஜாதிக் கொடுமைக்கும் அஞ்சி ஓடியவர்கள் அவர்களில் அநேகர். அவர்கள் கொண்டுபோன தப்பை இன்றும் நம் நாகரிகக் குடும்பங்கள் பல, சாவு மேளம் என்று ஒதுக்கி வைக்கின்றன. அந்த மேளத்தை அடித்து, அந்தத் தெய்வத்தைக் கும்பிட்டு, 180 வருஷமாகத் தமிழை ஒரு நூலிழையில் தொங்கவிட்டுக் காத்தவர்களின் குழந்தை ஒன்று மேனாம்பேட்டுக்கு வந்தால், அதன் ஜாதியைக் கேட்டுவிட்டுத்தான் கூடத்தில் பாய் விரிப்போமா? பெரிய கூடத்துக்காரர் கேட்ட கேள்விக்கு இதைத் தவிர நமக்கு வேறு பதில் தோன்றவில்லை.

போகிற பிள்ளை அங்கே படிக்க வேண்டிய பாடம் பூகோளத்திலும் இருக்கிறது. கயானாவின் ஜனங்களில் பெரும்பான்மையோர் கடலோரமாக ஒரு குறுகிய நிலத்தில் வசிக்கிறார்கள். கடல் பொங்கும் நேரத்தில் அந்த நிலம் நீர் மட்டத்துக்குத் தாழ்ந்து இருக்கிறது! சமுத்திரத்தை ஒரு சுவர் தடுத்து நிறுத்தியிருக்கிறது. டச்சுக்காரர்கள் தொடங்கிய வேலை அது. நம் பழவேற்காட்டில் 1613-ல் கோட்டை கட்டினார்களே, அதே ஜாதியார். நாட்டிலிருந்து வடிகிற மழை நீர் வாய்க்கால்களின் வழியாக வந்து 'கோக்கர்' என்ற மதகுகளின் அருகில் நிற்கும். கடல் வற்றும்போது மதகைத் திறப்பார்கள். உள் நீர் வெளியே போகும். கடல் ஏறும்போது மூடிவிடுவார்கள். தினந்தோறும் கடலின் போக்கைப் பார்த்துத் திறந்து மூட வேண்டும். திட்டம் போட்டவர்கள் டச்சுக்காரர்களானாலும் மண் சுமந்தவர்கள் அடிமைகள். அந்த அணைகளுக்கும் வாய்க்கால்களுக்குமாக அவர்கள் மண்வெட்டியால் வெட்டி எடுத்த சேறு குறைந்தது 10 கோடி டன் என்று, அந்நாட்டுச் சரித்திராசிரியர் வால்டர் ராட்னி எழுதியிருக்கிறார். இத்தனைக்குப் பின்னும் 2005 ஜனவரியில் பெருமழை பெய்து ஜார்ஜ்டவுனும் சுற்றுக் கிராமங்களும் நீரில் மூழ்கின.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வெள்ளம் என்றால் புஸ்தகத்துச் சொல் அல்ல. 2015 டிசம்பரில் சென்னையும் சுற்றுப்புறமும் மிதந்தபோது, அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி என்ற பெயர்களுக்குப் பொருள் என்ன என்பதைப் புது மனைகளில் வீடு கட்டியவர்கள் ஒரே இரவில் தெரிந்துகொண்டார்கள். நம்மிடத்தும் மதகு இருந்தது, கலங்கல் இருந்தது, நீர்க்கட்டியும் இருந்தார். ஏரிக்கு ஏரி ஓடிய கால்வாய்களில் பல இன்று வீதிகளாகவும் குப்பை மேடுகளாகவும் இருக்கின்றன. தினம் இரண்டு வேளை கடலைப் பார்த்து மதகைத் திறக்கும் ஊரில் ஒரு மாதம் இருந்துவிட்டு வரும் பிள்ளை, திரும்பி வந்ததும் கொரட்டூர் ஏரியின் போக்குக் கால்வாய் எங்கே என்று கேட்கத் தொடங்கினால், அதுவே விமானக் கட்டணத்துக்குச் சரியாகிவிடும்.

கட்டணம் என்றவுடன் நடைமுறை விஷயங்கள் ஞாபகம் வருகின்றன. சென்னையிலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு நேர் விமானம் இல்லை. இரண்டு மூன்று இடங்களில் மாறித்தான் போக வேண்டும். அமெரிக்கா வழியாகப் போனால், அங்கே விமானம் மாறுவதற்கு மட்டுமே அந்த நாட்டு விஸா தேவைப்படும் என்பதை ஏஜென்டு சொல்லாவிட்டாலும் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மஞ்சள் ஜுரத்துக்கு ஊசி போட்டுக்கொண்டு அதற்கான அத்தாட்சிப் புஸ்தகத்தையும் கையில் வைத்திருப்பது அவசியம். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் அந்த ஊசி போடுகிறார்கள். போட்டுக்கொண்ட பத்தாம் நாளிலிருந்துதான் அத்தாட்சி செல்லும். ஆகவே புறப்படுவதற்கு முதல் நாள் ஓடுவதில் பிரயோஜனமில்லை. அத்தாட்சி இல்லாமல் அந்த நாட்டிலிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரையில் தனியே அடைத்து வைப்பார்கள். மருந்து கோழிக்கருவில் வளர்க்கப்படுவது. முட்டை ஒவ்வாத பிள்ளைகள் டாக்டரிடம் முன்பே தெரிவிக்க வேண்டும். சுத்த சைவக் குடும்பத்தார் இதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். கொசுவுக்குச் சைவம் அசைவம் தெரியாது.

சாப்பாட்டைப் பற்றிப் பயமில்லை. அரிசி அங்கே ஏராளமாக விளைகிறது. பருப்பும் ரொட்டியும் கறியும் வீட்டுக்கு வீடு உண்டு. ஹிந்துக் கல்யாணங்களில் ஏழு விதமான கறிகளைச் சோற்றுடன் அல்லி இலையில் வைத்துக் கையால் சாப்பிடுகிறார்கள். வாழை இலைக்காரர்களான நாம் அதில் தோற்றுப்போக மாட்டோம்.

யாரை அனுப்புவது என்பதுதான் கஷ்டமான கேள்வி. பணமுள்ளவர்களின் பிள்ளைகள் மட்டுமே போவதானால், இந்தக் கட்டுரையை எழுதியிருக்க வேண்டியதில்லை. அவர்கள் எப்படியும் போவார்கள். சர்க்கார் ஏற்கெனவே பிள்ளைகளை அயல் நாடு அனுப்பும் வழக்கத்தைத் தொடங்கியிருப்பதால், அந்த வழியிலேயே இதையும் சேர்க்கலாம். அதற்கு முன்னால் காசில்லாமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. நம் கடிகாரம் கயானாவின் கடிகாரத்துக்கு ஒன்பதரை மணி முந்தியது. இங்கே மாலை ஆறரை மணி ஆகும்போது அங்கே காலை ஒன்பது மணி. பள்ளி தொடங்கும் வேளை. வாரத்துக்கு ஒரு மாலையில் நம் வகுப்பும் அவர்கள் வகுப்பும் கணினித் திரையில் முகம் பார்த்துப் பேசலாம். ஒரு வருஷம் இப்படிப் பேசிய பிறகு, போகிற பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம் என்பது நம் யோசனை. மதிப்பெண்ணைப் பார்த்து நாம் ஒருவனைத் தேர்ந்தெடுப்போம். அவர்கள் யாருக்குப் பேசத் தெரியுமோ அவனைத் தேர்ந்தெடுப்பார்கள்.

காலமும் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து கோடை விடுமுறை வரும் மே மாதத்தில் அங்கே பள்ளிகள் நடந்துகொண்டிருக்கும். மே 5-ந் தேதி, முதல் கப்பல்கள் வந்த நாளை இந்தியர் வருகை தினம் என்று நாடு முழுவதும் விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறார்கள். அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டால் நம் பிள்ளைகள் அதையும் பார்க்கலாம். 26-ந் தேதி சுதந்திர தினத்தையும் பார்க்கலாம். ஜூன் மாதம் இங்கே பள்ளி திறப்பதற்குள் திரும்பிவிடலாம். அவர்களுக்கு நீண்ட விடுமுறை ஜூலை, ஆகஸ்டு மாதங்களில். அப்போது நமக்கு ஆடி மாதம். அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் காலம். மேனாம்பேட்டிலிருந்து திருவேற்காட்டுக் கருமாரியம்மன் சந்நிதி பஸ் ஏறிப் போகிற தூரந்தான். வருகிற பிள்ளை ஆல்பியன் பக்கத்துப் பிள்ளையாக இருந்துவிட்டால், அங்கே நாம் விளக்கிச் சொல்ல வேண்டியது அதிகம் இராது. மேளத்தின் பெயரை அதுவே நமக்குச் சொல்லும்.

படுக்க இடமில்லை என்ற லேத் வேலைக்காரர் சென்ற வாரம் வந்தார். மாடியில் ஓர் அறை கட்டிக்கொண்டிருக்கிறாராம். விருந்தாளிக்காக அல்ல, வாடகைக்கு விடத்தான். ஆனாலும் அந்த ஒரு ஆடி மாதம் மட்டும் காலியாக வைக்கத் தடையில்லை என்று சொல்லிவிட்டு, தம் மகள் மே மாதத்தில் போவதானால் என்ன துணிமணி வேண்டும் என்று விசாரித்தார். கயானாவில் மே மாதத்திலிருந்து மழைக் காலம். குடை ஒன்று கட்டாயம் வாங்கும்படி சொல்லி அனுப்பியிருக்கிறோம்.